பல்லிப்படத்தின் முடிவு

போன சனிக்கிழமை பின்னேரம் என் தங்கையின் மகள் சிந்து தன் மடிக்கணினியின் திரையை ஓடிக்கொலோனில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து எங்கள் வீட்டில் நிற்கிற பிள்ளை. காய்ச்சல்காரருக்கு நெற்றியில் போடுகிற சாமானை இதற்கு ஏன் எடுத்தாய் என்று கேட்கத்தான் அறைக்குள் போனேன். கேட்கவில்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு புறப்படுகிற ஜெற்றிக்குக் கிட்ட ஒரு வீட்டு முன் ஹோல் ஞாபகத்துக்கு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சிந்து திரையை என் பக்கம் திருப்பினாள். பழைய ஆங்கிலப் படம் ஒன்று. வெளிவந்த காலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத படமாம். இப்போது வெளிநாடுகளில் இளம் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு தியேட்டருக்குப் போய், வசனங்களை நடிகர்களோடு சேர்ந்து சொல்லுகிறார்களாம். திரையில் வீட்டளவு பல்லி ஒன்று நின்றது. அதன் முதுகில் சிப் தெரிந்தது. காற்சட்டையில் இருக்குமே, அதே சிப்தான்.

“மாமா, நீங்கள் இதை முந்திப் பாத்திருக்கிறீங்களோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “நான் உப்பிடியானதுகள் பாக்கிறேல்லை.”

சொல்லி முடிந்த பிறகுதான் உறைத்தது. இதே வாக்கியத்தை நான் முப்பது வருடங்களுக்கு முன்னர் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். படையினர் மறித்துச் சோதிக்கிற சென்றியடியில், பட்டப்பகலில், ஒரு மனிதரின் முகத்துக்கு முன்னால். என் வாய்க்கு அது இன்னும் பாடமாக இருக்கிறது.

அந்தப் படத்தை நான் முப்பது நாற்பது தரம் பார்த்திருக்கிறேன். அதன் உண்மையான பெயரைச் சிந்து சொன்னாள். எங்களுக்கு அது பல்லிப்படம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அலுவல்களைப் பார்க்கிற ஒரு கந்தோரில் கிளாக்கர். கிளாக்கர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கோதுமைக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ வந்தால் கடதாசிகளைக் கட்டிக்கொண்டு போய் ஏறுவது, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவது, அவ்வளவுதான். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பல்காரர் ஊருக்குள் வரப் பயப்படுவார்கள். எனக்குக் கோப்பி தந்துவிட்டு, பழுதாகிப்போன ரேடியோவையோ வீடியோ டெக்கையோ நீட்டி, கரையில் திருத்த ஆள் இருக்கா என்று கேட்பார்கள். இருந்தார். பெனடிக்ற் அண்ணை.

பெனடிக்ற் அண்ணை என்னைவிட நாலு வயது மூத்தவர். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தக் கடை. வீடு ஜெற்றியடியில். மெலிந்த மனிதர், ஈயம் உருக்கிச் சுட்ட விரல்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் சப்பாத்துப் போடுவார். கப்பல்காரரிடம் அவர் கூலியாகக் கேட்டது வீடியோ கசற்றுகள். நல்ல படத்தை ஆர் கையை விட்டுக் கொடுப்பான்? ஒருவரும் பார்க்காத படங்கள்தான் எங்களிடம் வந்தன. லேபல் இல்லாதவை, பாதியில் தொடங்குபவை, அடியில் எந்தத் தேசத்து எழுத்தோ ஓடுபவை. அதில் முக்கால்வாசி, வேற்றுக்கிரகத்து ஆட்கள் வருகிற விஞ்ஞானக் கதைகள்.

என்ன படங்கள் தெரியுமா? ஒன்றில் செவ்வாய்க்கிரகம் முழுவதும் ஒரே ஒரு பாறை. அதை இந்தப் பக்கம் நின்று எடுப்பார்கள், பிறகு அந்தப் பக்கம் நின்று எடுப்பார்கள், கிரகம் முடிந்தது. இன்னொன்றில் நல்லவனும் கெட்டவனும் ஒரே நடிகர்தான். கெட்டவனுக்கு மீசை இருக்கும், ஒரு காட்சியில் மீசை ஒட்ட மறந்துவிட்டார்கள். முதல் நாள் வயிறு நோகச் சிரித்தேன். பெனடிக்ற் அண்ணை சிரிக்கவில்லை. விண்கப்பல் பறக்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்துக் காட்டினார்.

“தம்பி, நூல் தெரியுது பாத்தனீரோ? மறைக்க அவங்களிட்டக் காசில்லை. எண்டாலும் பறக்க விட்டிட்டாங்கள்.”

அதற்குப் பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்தது. இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. எங்கள் தலைக்கு மேலே உண்மையான ஹெலிகள் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் நூல் தெரியவில்லை, ஆர் பிடித்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. இந்தப் படங்களில் உலகம் அழியப்போகிறது என்று அலறுவார்கள், ஆனால் அழிக்க வருகிறவனின் காலில் ரப்பர் செருப்பு இருக்கும். அந்தப் பயத்தைப் பார்த்து ஒரு மணித்தியாலம் சிரிக்கலாம். வேறெந்தப் பயத்தையும் பார்த்துச் சிரிக்க ஏலாத காலம் அது.

பெனடிக்ற் அண்ணையின் வீட்டு ஹோலில் சனி ஞாயிறு பின்னேரங்களில் படம் ஓடும். இருக்க இரண்டு வாங்குப் பலகை, ஐந்தாறு கதிரை, மிச்சப் பேருக்கு நிலம். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் அயலவர்கள், மற்றப் பாதி லோஞ்சுக்குக் காத்திருக்கிற சனம். மூதூர் லோஞ்சு எப்போது வெளிக்கிடும் என்று அந்த நாளில் லோஞ்சுக்காரருக்கே தெரியாது. சோதனை முடிய வேண்டும், மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். சாமான் பைகளோடும் கோழிக் கூடைகளோடும் வெயிலில் நிற்கிற சனத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து இருங்கோ என்று பெனடிக்ற் அண்ணைதான் முதலில் கூப்பிட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆங்கிலம் விளங்காத சனத்துக்குக் கதை சொல்லுவது என் வேலை. டீவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் இப்படிச் சொல்லுகிறான், இவள் அப்படிக் கேட்கிறாள் என்று சொல்ல வேண்டும். எனக்கே பாதி விளங்காது. விளங்காத இடத்தில் சொந்தச் சரக்கு. நடுவில் லோஞ்சு ஊதும். ஊதினால் சனம் எழும்பிவிடும், ஆனால் வெளியே போகாது. வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு நின்று என்னைப் பார்க்கும்.

“தம்பி, லோஞ்சு ஊதிட்டான். முடிவைச் சொல்லுங்க.”

ஒரு மணித்தியாலப் படத்தின் மிச்சத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்ப வேண்டும். அதில் நான் சூரன். லோஞ்சு இரண்டாம் தரம் ஊதுவதற்குள் வில்லனைக் கொன்று, கிரகத்தைக் காப்பாற்றி, கலியாணமும் கட்டி வைத்துவிடுவேன். குசினிக்குள் இருந்து பெனடிக்ற் அண்ணையின் மனைவி ரெஜினா அக்காவின் சிரிப்புக் கேட்கும். அவவுக்கு அந்தப் படங்கள் கண்ணிலும் காட்டக் கூடாது. டெக்கின் ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிற் கிடைக்காமல், அவ கோயிலுக்குப் போகும்போது போடுகிற ஓடிக்கொலோனைப் பெனடிக்ற் அண்ணை எடுத்துவிடுவார். அதனால் எங்கள் படங்கள் எல்லாம் ஓடிக்கொலோன் மணத்தோடுதான் தொடங்கும். போத்தல் பாதியானதைக் கண்டு அவ ஏசுவதும் அந்த மணத்தோடு சேர்ந்ததுதான்.

பல்லிப்படத்துக்கு வருகிறேன். வேற்றுக்கிரகத்தான் ஒருவன் பாலைவனத்தில் விழுகிறான். பேசத் தெரியாது. தெருவோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறான். கடைச் சமையல்காரன் அவனுக்குச் சோறு போடுகிறான், படுக்க இடம் கொடுக்கிறான், ஒன்றும் கேட்பதில்லை. வேற்றுக்கிரகத்தானின் கப்பலில் இருந்து ஒழுகிய எண்ணெயைக் குடித்த பல்லி ஒன்று வீட்டளவு வளருகிறது. ஊர் கலங்குகிறது. பொலிஸ்காரன் வந்து, கோப்பை கழுவுகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு சமையல்காரனிடம் கேட்கிறான்: இந்த ஆளை உனக்குத் தெரியுமா? சமையல்காரன் கையைத் துடைக்கிறான். வாயைத் திறக்கிறான்.

அந்த இடத்தில் சாமத்தியவீடு வரும்.

நம்பமாட்டீர்கள். நாங்கள் முதல் தரம் பார்த்தபோது சரியாக அதே இடத்தில் கரண்ட் போனது. கசற் அப்படியே நின்றது. அடுத்த நாள் காலமை பெனடிக்ற் அண்ணை ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டை வீடியோ எடுக்க ஓடவேண்டியிருந்தது. திரியாயில் இருந்து இடம்பெயர்ந்து உப்புவெளியில் வந்திருந்த ஒரு குடும்பம். வெறுங் கசற் கிடைக்காத காலம், அவசரத்தில் எதை எடுத்தார் என்று பார்க்காமல், படம் நின்ற இடத்தில் இருந்து அதன் மேலேயே பதிந்துவிட்டார். சமையல்காரன் வாயைத் திறந்தவுடன் மஞ்சள் சீலை உடுத்த ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருக்கும். மாமிமார் இரண்டிரண்டு பேராக வந்து ஆலாத்தி எடுப்பார்கள். கசற் முடியும் வரைக்கும் ஆலாத்திதான்.

ஆகவே பல்லிப்படத்தின் முடிவு ஒருவருக்கும் தெரியாது. சமையல்காரன் என்ன சொன்னான் என்று பெனடிக்ற் அண்ணையும் நானும் மாதக்கணக்காகக் கதைத்திருக்கிறோம். நான் முதலில், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சோறு போட்டவன் அப்படிச் சொல்லமாட்டான் என்றார். கடைசியில் சனத்துக்கு நான் சொன்னது அவருடைய முடிவைத்தான். மாமிமார் ஆலாத்தியைத் தூக்குகிற நேரம் நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சமையல்காரனின் குரலில், “ஓம், தெரியும். எங்கட ஆள்,” என்பேன். சனம் கை தட்டும். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்த ஒரு மனிதர் பிறகொரு நாள் என்னைச் சந்தையில் கண்டு, அந்தக் குசினிக்காரன் நல்ல மனுசன் என்ன என்று, தன் சொந்தக்காரனைப் பற்றிச் சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

இது சனி ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை நான் வேறு ஆள். எங்கள் கந்தோர் மனேச்சர் பெரிய படிப்பாளி. ஆங்கிலப் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கும் வீடு அவருடையது. என்னில் அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது, நல்ல இங்கிலீஷ் பேசுகிற பிள்ளை என்று. ஒரு நாள், நீர் என்ன மாதிரிப் படங்கள் பாக்கிறனீர் என்று கேட்டார். நீதிமன்ற வழக்குகள் வருகிற படங்கள் சேர், நல்ல கருத்துள்ளவை, என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. பார்க்காத படங்களை ஒருமுறை அல்ல, இரண்டுமுறை பார்த்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். பல்லியின் முதுகில் சிப் இருக்கிறதைப் பார்த்து வாங்கில் இருந்து விழுந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்தால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். மெய்யாக அப்படித்தான் நினைத்தேன்.

பெனடிக்ற் அண்ணைக்குப் பல்லிப்படத்தைத் திரும்பவும் விமரிசையாக ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. தியேட்டர்களில் கதாநாயகனின் பெரிய படத்தை வைப்பார்களே, அதைப்போல வாசலில் விண்கப்பல் ஒன்று வைத்தால் என்ன? பால்மா டின்களை வெட்டி, உடைந்த குடையின் கம்பிகளைக் கால்களாக ஒட்டி, இரண்டு கிழமையாகக் கடையில் வைத்துச் செய்தார். முழங்கால் உயரம். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்காதே.

“படத்தில மினுங்கும் அண்ணை,” என்றேன். “மினுங்காட்டி இது பால்மா டின்தான்.”

அவர் அதற்குள் ஒரு சின்ன பல்பு வைத்தார். இரண்டு ரோச் பற்றரி. நாலைந்து நிற வயர். விட்டுவிட்டு எரிய ஒரு சுற்று, பழைய ரேடியோவில் கழற்றியது. இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போதே நெஞ்சு பகீர் என்றிருக்கும். துறைமுகப் பட்டினத்தில், அந்தக் காலத்தில், மூடிய டின்னுக்குள் வயரும் பற்றரியும் விட்டுவிட்டு எரிகிற பல்பும். எங்களுக்கு அது ஒருக்காலும் தோன்றவில்லை, சத்தியமாக. எங்கள் கண்ணுக்கு அது அந்தப் படத்தில் வந்த கப்பல் மட்டுந்தான். படம் பார்த்துப் பழுதாய்ப்போனவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டார். துறைமுக வீதிச் சென்றியில் முன்பு நின்றவர்களுக்கு அவரைத் தெரியும். அவர்களுடைய ரேடியோவையும் திருத்திக் கொடுத்திருக்கிறார். அந்தக் கிழமைதான் ஆட்கள் மாறியிருந்தார்கள்.

நானும் மனேச்சரும் கப்பலில் இருந்து அவருடைய காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சென்றியடியில் வாகனங்களை மறித்திருந்தார்கள். சனத்தைத் தூரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். நடு வீதியில் விண்கப்பல் தனியாக நின்றது, அதன் பல்பு மினுங்கிக்கொண்டிருந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு ஓரத்தில் புல்லு மேய்ந்துகொண்டிருந்தன, அவைக்கு ஒன்றும் இல்லை. பெனடிக்ற் அண்ணை இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். காருக்குள் என்னைக் கண்டார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று ஒரு மனிதனின் முகம் சொல்லுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பிறகு பார்த்ததில்லை.

அதிகாரி ஒருவர் காருக்குக் கிட்ட வந்தார். மனேச்சரைத் தெரிந்தவர். கோபமாக இல்லை, பாதிச் சிரிப்போடுதான் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த மனிதன், பெரிய பல்லி ஒன்று வருகிற இங்கிலீஷ் படத்தில் இருக்கிற கப்பல் இது என்று சொல்லுகிறான், அப்படி ஒரு படம் இருக்கிறதா, நீங்கள் படித்தவர், சொல்லுங்கள் என்றார். மனேச்சர் பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“நீர்தான் படங்கள் பாக்கிறனீர். உப்பிடி ஒரு குப்பை இருக்கோ?”

“தெரியாது சேர்,” என்றேன். “நான் உப்பிடியானதுகள் பாக்கிறேல்லை.”

அடுத்ததாக அதிகாரி, இந்த ஆளைத் தெரியுமா என்று என்னிடமே கேட்டார். படத்தைத் தெரியாது என்றவன் ஆளைத் தெரியும் என்று எப்படிச் சொல்லுவது? அதற்கும் தெரியாது என்றேன். பெனடிக்ற் அண்ணை பத்தடி தூரத்தில் இருந்தார். காது கேளாத தூரம் இல்லை. அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கப்பலைப் பார்த்தார். எங்களைப் போகவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் மனேச்சர் கந்தோரில் எல்லாருக்கும் இதைப் பகிடியாகச் சொன்னார், பல்லியாம், கப்பலாம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் ரெஜினா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. சைக்கிளில் டெக்கைத் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தா. அவரை வைத்திருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டா, அங்கே பொறுப்பாக இருக்கிற பெரியவர் படத்தைப் போட்டுக் காட்டினால் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

“தம்பி, உங்களுக்கு அந்தப் படம் பாடம். நீங்கள் வந்து பக்கத்தில நிண்டு இங்கிலீசில சொன்னாப் போதும்.”

“எனக்குக் காய்ச்சல் காயுது அக்கா,” என்றேன்.

 அவ பையில் இருந்து ஓடிக்கொலோன் போத்தலை எடுத்தா. ஹெட் துடைக்கவென்று கொண்டுவந்தது. தன் கைலேஞ்சியை நனைத்து, நெற்றியில் போடுங்கோ, வெயிலுக்குள்ள திரியாதேங்கோ என்று என் கையில் தந்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனா. இல்லாத காய்ச்சலுக்கு நான் அதை நெற்றியில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். இப்போதும் அந்த மணம் எனக்கு ஒத்துவருவதில்லை. வீட்டில் எல்லாரும் ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள்.

பெனடிக்ற் அண்ணை மூன்று கிழமையில் வெளியே வந்தார். ரெஜினா அக்கா அங்கே டீவிக்குப் பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், படம் முழுவதற்கும் கதை சொல்லியிருக்கிறா. கண்ணிலும் காட்டக் கூடாது என்று சொன்ன படத்தை, குசினிக்குள் இருந்து கேட்டே பாடமாக்கி வைத்திருந்திருக்கிறா. விண்கப்பல் வந்த இடத்தில் அங்கே நின்ற படையினர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்களாம். சாமத்தியவீடு வந்தபோது பெரியவர் குழம்பிப்போய், சமையல்காரன் என்ன சொன்னான் என்று கேட்டாராம். அதன் பிறகும் கடதாசி அலுவல் என்று நாட்கள் போயிருக்கின்றன.

இதெல்லாம் பெனடிக்ற் அண்ணை எனக்குக் கடையில் வைத்துச் சொன்னவை. நான் கதவடியில் நின்றேன்.  அவர்தான் கதிரையை இழுத்துப் போட்டார். முதலில், காய்ச்சல் எப்படி என்று கேட்டார். ஈயக்கோலை இடக்கையால் பிடித்திருந்தார். வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. 

“அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? நீர் வழக்கமாச் சொல்லுறதைத்தான். ‘ஓம், தெரியும். எங்கட ஆள்’ எண்டு. நெஞ்சில கையும் வைச்சவளாம்.”

பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செமிக்க முடியவில்லை.

“நீர் அண்டைக்குத் தெரியாது எண்டது நல்ல வேலை, தம்பி. நானும் உம்மைத் தெரியாது எண்டுதான் சொன்னனான். ரெண்டு பேரும் உள்ளுக்குக் கிடந்தா ஆர் வெளியில பாக்கிறது?”

நான் பயத்தில் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். புத்தியாகச் சொன்னதாகவும் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஓம் அண்ணை என்றேன். அந்தக் காலத்தில் பயந்தவனை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். எல்லாரும்தான் பயந்தோம். பயத்தில் பெற்றவரையே தெரியாது என்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நான் நிற்கக்கூட லாயக்கில்லை. எனக்கு அன்றைக்குப் பயம் வரவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒரு சொல் போதும், ஓம், அப்படி ஒரு படம் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன் என்று. பல்லிப்படம் பார்க்கிறவன் என்று மனேச்சர் என்னைக் குறைவாக நினைத்துவிடுவாரே என்ற வெட்கத்தில், மனேச்சரின் ஒரு தலையாட்டலுக்காக, நான் அவரைக் கொடுத்தேன். இதை நான் என் மனைவிக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் சொல்லுகிறேன்.

அடுத்த வருடம் அவர்கள் மன்னாருக்கு, ரெஜினா அக்காவின் ஆட்களிடம் போனார்கள். அங்கிருந்து படகில் இந்தியாவுக்குப் போனதாகக் கேள்வி. போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. விசாரித்தீர்களா என்று கேட்பீர்கள். கண்டுபிடித்தால் என்ன சொல்லுவது என்று தெரியாமல் வடிவாக விசாரிக்கவில்லை. போகும்போது பல்லிப்படக் கசற்றை எனக்கு விட்டுப் போனார். கொஞ்ச வருடத்தில் அது பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. அந்த வீட்டில் இப்போது கைபேசிக் கடை இருக்கிறது, ஹோலும் குசினியும் ஒன்றாக்கப்பட்டு ஒரே கண்ணாடி.

சிந்து சனிக்கிழமை தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போன நேரம், நான் அவளுடைய கதிரையில் இருந்துகொண்டு படத்தை முன்னுக்குத் தள்ளினேன். பொலிஸ்காரன் வந்தான். இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டான். சமையல்காரன் கையைத் துடைத்தான். வாயைத் திறந்தான். மஞ்சள் சீலைப் பிள்ளையை எதிர்பார்த்து என் கண் தானாக மூடியது.

பல்லி வந்தது. சுவரை இடித்துக்கொண்டு, முதுகுச் சிப்போடு, நேரே கடைக்குள். எல்லாரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். பொலிஸ்காரனின் தொப்பி கறிச் சட்டிக்குள் விழுந்தது. அந்த அமளியில் வேற்றுக்கிரகத்தான் தன் கப்பலில் ஏறினான், நூல் அதைத் தூக்கியது, படம் முடிந்தது. சமையல்காரன் பதில் சொல்லவே இல்லை. கேள்வியைக் கேட்டவன் மறந்தான், படம் எடுத்தவனும் மறந்துவிட்டான். இத்தனை வருடம் நாங்கள் சண்டை பிடித்த பதில் அந்தப் படத்துக்குள் கிடையாது. சமையல்காரனைப் பல்லி காப்பாற்றிவிட்டது. எனக்கு அன்றைக்கு ஒரு பல்லியும் வரவில்லை.

சிந்து தேத்தண்ணியோடு வந்து, நான் அவளுடைய கதிரையில் இருப்பதையும் என் முகத்தையும் பார்த்தாள்.

“பாக்கிறேல்லை எண்டு சொன்னீங்கள்?”

“பாத்திருக்கிறன் பிள்ளை. கனதரம். பெனடிக்ற் எண்டு ஒராளின்ர வீட்டில.”

“ஆர் மாமா அவர்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

வாயைத் திறந்தேன். சுவர் அப்படியே நின்றது.

“ஓம், தெரியும்,” என்றேன். “எங்கட ஆள்.”

அவள் நிலத்தில் இருந்துகொண்டு, சொல்லுங்கோ என்பதுபோலப் பார்த்தாள். முதலில் இருந்து சொன்னேன், ஒன்றையும் விடாமல், மனேச்சரின் தலையாட்டலையும் சேர்த்து. அவசரம் இருக்கவில்லை. இப்போது பாலங்கள் வந்துவிட்டன, சனம் பஸ்ஸில் போகிறது. ஜெற்றியடியில் முடிவைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் நிற்பதில்லை. லோஞ்சு ஊதுவதும் இல்லை.